குடல்வாலுக்குக் கத்தியா, மருந்தா?

(நம் சங்கத்தின் புனே அன்பர்கள் ஜனவரி மாதம் பாணேரில் கூடியபோது ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் "அடுத்த மாசம் தேகாரோக்கியத்தைப் பத்தி யாராவது பேசுங்கோ" என்று செயலாளர் கேட்டபோது எல்லோரும் நம் டாக்டர் மாமாவின் பக்கம் திரும்பினோம். அவர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். நான் வைத்தியன் அல்ல. முப்பத்தாறு வருஷம் வங்கியில், அதிலும் கடன் இலாகாவில், குப்பை கொட்டியவன். கேட்டவனுக்குக் கொடுக்கலாமா, கொடுத்தால் திரும்பி வருமா என்று யோசித்தே தலைமயிர் நரைத்தவன். "உங்க மருமானுக்கு வயத்துவலி வந்ததே, அந்தக் கதையைச் சொல்லுங்கோ, அது போறும்" என்றார் டாக்டர் மாமா. நான் எழுதி வைத்துக்கொண்டதில் வைத்திய சம்பந்தமானவற்றை அவர் பார்த்துத் திருத்திக் கொடுத்திருக்கிறார். அதற்கு மேலும் பிழை இருந்தால் அது என்னுடையது.

அப்பெண்டிசைடிஸ் என்று நாம் சொல்லும் குடல்வால் அழற்சியைப் பற்றிப் பேச புனேவாசிகளான நமக்குத் தனி பாத்தியதை உண்டு. இந்தியாவிலேயே மிகப் பிரசித்தமான குடல்வால் ஆபரேஷன் நடந்தது இந்த ஊரில்தான். பாணேரிலிருந்து ரயில்வே ஸ்டேஷன் போகிறவர்கள் ஸ்டேஷனை ஒட்டிய ஸஸூன் ஆஸ்பத்திரியைப் பார்க்காமல் இருக்க முடியாது. 1924 ஜனவரி 12, சனிக்கிழமை ராத்திரி, அங்கேதான் மகாத்மா காந்திக்கு ஆபரேஷன் நடந்தது. அவருக்கு அப்போது 54 வயது. 1922 மார்ச்சில் ஆறு வருஷ தண்டனை விதிக்கப்பட்டு எரவாடா சிறையில் இருந்தார். கடுமையான வயிற்றுவலி கண்டு அவரை ஸஸூனுக்குக் கொண்டுவந்தார்கள். பம்பாயிலிருந்து அவருக்கு வேண்டிய இந்திய டாக்டர்களை வரவழைக்க ஏற்பாடு செய்தார்கள். ஆனால் நள்ளிரவு நெருங்கும் சமயம், இனியும் காத்திருக்க முடியாது, உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும் என்று ஆங்கிலேய சர்ஜன் கர்னல் மாடக் சொல்லிவிட்டார்.

அந்த வேளையில் காந்திஜி யாரைக் கூப்பிடச் சொன்னார் தெரியுமோ? நம் வலங்கைமான் ஸ்ரீநிவாஸ சாஸ்திரியாரை. கோகலேக்குப் பிறகு இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவராகி இந்த ஊரிலேயே இருந்தவர். காந்திஜியைவிடப் பத்தே நாள் மூத்தவர். ஒத்துழையாமை விஷயத்தில் இருவருக்கும் கொஞ்சமும் ஒத்துப்போகாது என்பது ஊரறிந்த விஷயம். இருந்தாலும் படுக்கையருகே அவரையும், புனே நண்பரான டாக்டர் பாடக்கையும்தான் அழைத்தார்கள். மூவருமாக ஒரு அறிக்கை தயாரித்தார்கள். ஆபரேஷனுக்குத் தாம் சம்மதிப்பதாகவும், வைத்தியர்கள் தம்மை நன்றாகவே கவனித்துக்கொண்டதாகவும், என்ன நடந்தாலும் அரசாங்கத்துக்கு எதிராகக் கிளர்ச்சி கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. முழங்காலை மடக்கி அதன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியது. "பார்த்தீர்களா, எப்படி நடுங்குகிறது!" என்கிற ரீதியில் சர்ஜனிடமே சிரித்துச் சொன்னாராம்.

பிறகு நடந்தது சினிமா மாதிரி இருக்கும். ஆபரேஷன் பாதியில் இடி மின்னலோடு மழை, மின்சாரம் போய்விட்டது. நர்ஸ் பிடித்துக்கொண்டிருந்த டார்ச்சும் அணைந்தது. கடைசியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் மாடக் தையல்வரை முடித்தார். பிழைத்தார் காந்திஜி. ஆனால் சீழ் கோத்துக்கொண்டு குணமாக நாளாயிற்று. பிப்ரவரி 5-ஆம் தேதி அரசாங்கம் நிபந்தனையின்றி விடுதலை செய்தது. அந்த ஆபரேஷன் அறையை இன்றும் நினைவிடமாக வைத்திருக்கிறார்கள்.

இதை நான் விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வைத்தியர்களையும் ஆஸ்பத்திரிகளையும் பற்றி 1909-லேயே 'ஹிந்த் ஸ்வராஜ்' புத்தகத்தில் வெளுத்து வாங்கியவர் காந்திஜி. அவர் மேஜையில் படுக்கச் சம்மதித்தார் என்றால், அன்றைக்கு வேறு வழி கிடையாது. பெனிசிலினைக் கண்டுபிடித்ததே 1928-ல்தான். ஒன்று கத்தி, இல்லாவிட்டால் காத்திருப்பு. காத்திருந்தவர்களில் சிலர் தாமே தேறினார்கள், பலர் போய்ச் சேர்ந்தார்கள்.

காத்திருந்து போனவர்களில் ஒருவன் என் அண்ணா.

இதை வெளியில் நான் அதிகம் பேசியதில்லை. 1966-ல், ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. வலங்கைமானிலிருந்து சில மைல் தள்ளி எங்கள் கிராமம். அண்ணாவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு ஒன்பது, தங்கைக்கு ஆறு. தொப்புளைச் சுற்றி வலி என்றான். தீபாவளிக்குச் செய்த பட்சணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாட்டி விளக்கெண்ணெய் கொடுத்தாள். அந்தக் காலத்தில் எல்லா வீட்டிலும் அதுதான் முதல் மருந்து, பாட்டியைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? குடல்வால் அடைத்து வீங்கி நிற்கும் சமயத்தில் பேதி மருந்து கொடுத்தால் அது உடைய ஏதுவாகும் என்று பழைய சர்ஜரி புத்தகங்களிலேயே எச்சரிக்கை இருக்கிறதாம், டாக்டர் மாமா சொன்னார். பாட்டிக்கு அது எப்படித் தெரியும்? இரண்டாம் நாள் வலி சட்டென்று நின்றது. "பாத்தியா, எண்ணெய் கேட்டுடுத்து" என்றாள். அது நின்றதல்ல, குடல்வால் உடைந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. அன்று ராத்திரியே ஜுரம் கொதித்தது, வயிறு பலகை மாதிரி ஆயிற்று. அப்பா கையில் அரிக்கேனோடு முன்னே நடக்க, வண்டி கட்டிக் கும்பகோணம் கொண்டுபோனார்கள். அண்ணா திரும்பி வரவில்லை. பாட்டி அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தாள். எங்கள் வீட்டில் விளக்கெண்ணெய் பாட்டில் அப்புறம் இருந்ததில்லை.

இப்போது மருமான் விஷயத்துக்கு வருகிறேன். 2023 அக்டோபர், நவராத்திரி வெள்ளிக்கிழமை. என் தங்கையின் கடைசிப் பிள்ளை, 27 வயது, ஹிஞ்சவடியில் வேலை. எங்கள் வீட்டுக் கொலுவுக்கு வந்தவன் மாமியோடு கூடப் போய் நாலு வீட்டுச் சுண்டலையும் ஒரு கை பார்த்தான். ராத்திரி பத்து மணிக்குத் தொப்புளைச் சுற்றி வலி என்றான். மோர்சாதம்கூட வேண்டாம் என்றான். ஒருமுறை வாந்தி. எல்லோரும் சுண்டல்மேல் பழி போட்டோம். மாமி பெருங்காயத்தைக் கரைத்து மோரில் கொடுத்தாள். நான் தங்கைக்குப் போன் பண்ணினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். "விளக்கெண்ணெய் மட்டும் குடுத்துடாதே அண்ணா."

காலையில் வலி இடம் மாறிவிட்டது. வலப்பக்கம் அடிவயிற்றில் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த இடமாற்றம் முக்கியமான அடையாளம் என்பார்கள். ஆரம்பத்தில் குடல்வால் வீங்கும்போது எங்கே வலிக்கிறது என்று மூளைக்குச் சரியாகத் தெரிவதில்லை, பொதுவாகத் தொப்புள் பக்கம் காட்டுகிறது. வீக்கம் வளர்ந்து வயிற்றின் உள்சவ்வைத் தொட்டதும்தான் குறிப்பிட்ட இடத்தில் குத்துகிறது. தொப்புளிலிருந்து வலது இடுப்பெலும்பின் முனைக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, எலும்புப் பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரம் வந்தால் அந்த இடம். நியூயார்க்கைச் சேர்ந்த மெக்பர்னி என்ற சர்ஜன் 1889-ல் அடையாளம் சொன்னார், இன்றும் அவர் பெயர்தான்.

காரில் ஏற்றிக்கொண்டு போனேன். பாணேர் ரோட்டில் ஸ்பீட் பிரேக்கருக்குப் பஞ்சமா? ஒவ்வொன்றிலும் "மாமா, மெதுவா" என்று பல்லைக் கடித்தான். இதுவே ஒரு பரீட்சை என்று பிற்பாடு தெரிந்தது. இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இதை ஆராய்ந்து 2012-ல் பி.எம்.ஜே. என்ற வைத்தியப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள். நிஜமாகவே குடல்வால் அழற்சி இருந்த 34 பேரில் 33 பேருக்கு வண்டி மேட்டில் ஏறி இறங்கியபோது வலி அதிகமானதாம். வேறு காரணத்தால் வயிறு வலிப்பவர்களில் சிலருக்கும் அப்படி ஆகும். ஆனால் மேட்டில் குலுங்கியும் வலி கூடவில்லை என்றால் அநேகமாகக் குடல்வால் இல்லை எனலாம். நம் முனிசிபாலிடி இலவசமாகச் செய்துதரும் ஒரே வைத்தியப் பரிசோதனை!

ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பிறகு சி.டி. ஸ்கேன். சர்ஜன் ஒரு இளம் மராட்டியப் பெண். படம் வரைந்து காட்டினார். குடல்வால் வீங்கியிருக்கிறது, ஆனால் உடையவில்லை, சீழ்க்கட்டி இல்லை, உள்ளே கல்லும் இல்லை. 'கல்' என்றால் சிறுநீரகக் கல் மாதிரியல்ல. மலம் இறுகிக் கெட்டிப்பட்டு குடல்வாலின் வாயை அடைத்துக்கொள்ளும் துணுக்கு. "ஆகையால் உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. துளை போட்டுக் குடல்வாலை எடுத்துவிடலாம், அல்லது ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கலாம்" என்றார்.

அவர் முடிப்பதற்குள் நான், "ஆபரேஷன்" என்றேன். யோசிக்கவே இல்லை. என் கண்முன்னே அப்பாவின் அரிக்கேன்தான் நின்றது.

அதற்குள் குடும்ப வாட்ஸப் குழுவில் மகாநாடு கூடிவிட்டது. மேற்கு மாம்பலம் சித்தப்பா, "வெட்டி எறிஞ்சுட்டா நிம்மதி" என்றார். நியூஜெர்ஸியில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பி, "இங்கெல்லாம் இப்போ மருந்துதான், கத்தியே வேண்டாம்" என்றான். தங்கைக்கு வேறு கவலை. தை மாசம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வயிற்றில் தையலோடு மணையில் உட்கார முடியுமா, சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்? மாப்பிள்ளைக்கு, அதாவது தங்கையின் அகத்துக்காரருக்கு, இன்ஷூரன்ஸ் கேஷ்லெஸ் ஆகுமா என்ற கவலை. ஒவ்வொன்றும் நியாயமான கவலைதான். படுத்திருந்தவன்தான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மாமா, என்னை யாராவது கேக்கப் போறேளா?" என்றான்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. சம்மதப் படிவமும் பேனாவும் என் கையில் இருந்தன. அந்த டாக்டர் அம்மாள் ஒன்றும் சொல்லாமல் அவற்றை வாங்கி அவன் பக்கத்தில் வைத்தார். "ஸாயந்திரம் வரை அவகாசம் இருக்கிறது, என்ன வேண்டுமானாலும் என்னைக் கேளுங்கள்" என்று அவனிடம் சொன்னார்.

அந்த அவகாசம் என்னை ஆச்சரியப்படுத்தியது. குடல்வால் என்றால் ஒவ்வொரு நிமிஷமும் கண்டம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? பின்லாந்திலும் நார்வேயிலும் ஆயிரத்து எண்ணூறு பேருக்கு மேல் வைத்து நடத்திய ஒரு ஆராய்ச்சி அந்த 2023-லேயே வெளியாகியிருந்தது. உடையாத குடல்வாலை 8 மணி நேரத்துக்குள் எடுத்தாலும் 24 மணி நேரத்துக்குள் எடுத்தாலும் இடையில் உடைந்துபோவதில் வித்தியாசம் இல்லை என்று கண்டார்கள். ஆஸ்பத்திரியில், ஸ்கேன் எடுத்தபின், டாக்டர் கண்காணிப்பில் இருக்கும்போது என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் ஹீட்டிங் பேட் வைத்துக்கொண்டு 24 மணி நேரம் காத்திருப்பதற்கு இது அனுமதிச் சீட்டு ஆகாது.

மருமான் கேட்ட கேள்விகளைப் பார்த்துக் கடன் இலாகாவில் சேர்த்திருக்கலாமே என்று தோன்றியது. முதல் கேள்வி, மருந்து கொடுத்தால் எத்தனை பேருக்குத் திரும்பி வருகிறது? டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். பிற்பாடு நானும் தேடிப் படித்தேன். இது புது யோசனை அல்ல. 1950-களிலேயே இங்கிலாந்தில் கோல்ட்ரி என்ற டாக்டர் நானூறு பேருக்கு மேல் கத்தியில்லாமல் மருந்தால் வைத்தியம் பார்த்து எழுதியிருக்கிறார், யாரும் பொருட்படுத்தவில்லை. பின்லாந்தில் 530 பேரை இரண்டாகப் பிரித்து நடத்திய ஆராய்ச்சி 2015-ல் வெளிவந்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. அதில் கல் இருந்தவர்களைச் சேர்க்கவில்லை. மருந்து சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது 39 பேருக்குத் திரும்ப வந்திருந்தது. அமெரிக்காவில் 1552 பேரை வைத்து 25 ஆஸ்பத்திரிகளில் நடந்த பெரிய ஆராய்ச்சி 2020-ல் வந்தது. அதில் கல் இருந்தவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று மாதத்துக்குள் ஆபரேஷனுக்குப் போனவர்கள் நூற்றுக்கு 29. அதையே பிரித்துப் பார்த்தால் கல் உள்ளவர்களில் 41, இல்லாதவர்களில் 25. ஒரு வருஷத்தில் மொத்தம் 40, இரண்டு வருஷத்தில் 46.

வங்கிக்காரன் கண்ணோடு பார்த்தால், நூறு கடனில் நாற்பது வாராக்கடன் ஆகும் என்றால் எந்த மேனேஜரும் கையெழுத்துப் போடமாட்டான். அப்படித்தான் நானும் வாதாடினேன். டாக்டர் அம்மாள் சிரித்துக்கொண்டே, "ஆபரேஷன் என்றால் நூறு பேருக்கும் ஆபரேஷன்தானே?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. மருந்துக் கட்சியில் தோற்றவனுக்கு நேர்வது, மற்றக் கட்சியில் எல்லோருக்கும் முதல் நாளே நடந்தது. அதனால் நஷ்டத்தை எப்படிக் கணக்குப் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அவனுடைய இரண்டாவது கேள்வி அதுதான். திரும்பி வந்தால் அப்போது செய்யும் ஆபரேஷன் இப்போதையதைவிட ஆபத்தாகுமா? கல் இல்லாமல், வலி வந்த உடனே வந்துவிட்டால் அநேகமாக ஆகாது என்றார். பின்லாந்துக்காரர்கள் கண்டதும் அதுவே. தள்ளிப்போட்டதால் பெரிய சிக்கல் ஏற்படவில்லை. மூன்றாவது, ஆபரேஷனில் என்ன கெடுதல்? மயக்க மருந்து, காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு, பிற்காலத்தில் குடல் ஒட்டிக்கொள்ளும் சிறு அபாயம் இவையெல்லாம் உண்டு. ஆனால் துளை போட்டுச் செய்யும் முறையில் இரண்டொரு நாளில் வீடு திரும்பலாம், இந்த வியாதி மறுபடி வருமோ என்ற பயம் இல்லை. இந்தத் துளை முறையை 1980-ல் ஜெர்மனியில் கீல் நகரத்தில் முதலில் செய்தவர் கர்ட் ஸெம் என்ற மகப்பேறு வைத்தியர். சக சர்ஜன்கள் அவரை வசைபாடினார்களாம். இன்று அதையே எல்லோரும் செய்கிறார்கள்.

நான்காவது கேள்வியைக் கேட்டபோதுதான் அவன் மனம் புரிந்தது. "நான் தனியா இருக்கற எடத்துல வலி வந்தா?" பத்து நிமிஷத்தில் நல்ல ஆஸ்பத்திரி இருக்கும் பாணேரில் இருப்பவனுக்கும், கப்பலிலோ மலையிலோ இருப்பவனுக்கும் ஒரே பதில் இல்லை. 1961-ல் அண்டார்க்டிகாவில் சோவியத் முகாமில் ரோகோஸவ் என்ற 27 வயது டாக்டருக்குக் குடல்வால் வீங்கியது. அந்த முகாமுக்கு அவர் ஒருவர்தான் டாக்டர். முதலில் அவரும் ஆன்டிபயாடிக்கைத்தான் முயன்றார், கேட்கவில்லை. ஏப்ரல் 30-ஆம் தேதி, கூட இருந்தவர்கள் கண்ணாடியும் விளக்கும் பிடிக்க, தம் வயிற்றைத் தாமே கீறி எடுத்துக்கொண்டார். கண்ணாடியில் எல்லாம் தலைகீழாகத் தெரிந்ததால் பெரும்பாலும் கைத்தடவலிலேயே செய்தாராம். மருமானுக்கும் அதே 27 வயது. இந்தக் கதையை நான் அவனிடம் அப்போது சொல்லவில்லை.

அவன் மருந்துதான் என்று தீர்மானித்தான். கல்யாணத்துக்காக அல்ல. "வெட்டாம சரியாக நூத்துக்கு அறுபது சான்ஸ் இருக்கு, இல்லேன்னா பத்து நிமிஷத்துல இங்கே வந்துடறேன்" என்றான். கையெழுத்துப் போட்டான். கை நடுங்கவில்லை, எனக்குத்தான் நடுங்கியது. தங்கையிடம் போனில் நான் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவனே சொன்னானா?" என்று மட்டும் கேட்டாள்.

மருந்து என்றால் மாத்திரைப் பட்டையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் சொட்டுச் சொட்டாக ரத்தக் குழாய் வழியே ஏற்றினார்கள். சில மணிக்கொரு தரம் வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள். வலி ஏறினால் ஆபரேஷன் என்று தியேட்டரைத் தயாராகவே வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் வீடு, மேலும் எட்டு நாள் மாத்திரை.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம்மவர்களுக்கு மெடிக்கல் ஷாப்தான் முதல் டாக்டர். "போன தடவை கொடுத்தாளே, அதே மாத்திரை" என்று வாங்கிப் போட்டுக்கொள்வோம். அரைகுறை டோஸில் வலி அமுங்கும், உள்ளே சீழ் வளரும். தவிர, இப்படி வேண்டியும் வேண்டாமலும் விழுங்கி விழுங்கி நம் நாட்டில் குடல் கிருமிகள் பல மருந்துகளுக்கு மசிவதில்லை. மேலே சொன்ன ஆராய்ச்சிகள் பின்லாந்திலும் அமெரிக்காவிலும் நடந்தவை. நம்மூர்க் கிருமிக்கு எந்த மருந்து பிடிக்கும் என்பது இங்குள்ள டாக்டருக்குத்தான் தெரியும்.

எல்லோருக்கும் இந்த இரண்டாம் வழி கிடையாது. குடல்வால் உடைந்து வயிறு முழுக்கப் பரவியிருந்தால் பேச்சுக்கே இடமில்லை, ஆபரேஷன்தான். கல் இருந்தால் பெரும்பாலும் ஆபரேஷனையே சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்கும் அப்படியே. குடல்வாலைச் சுற்றிக் கட்டியாகத் திரண்டிருந்தால் சமாசாரமே வேறு. முதலில் மருந்தால் தணித்துவிட்டுப் பிறகு யோசிப்பது நூறு வருஷப் பழக்கம். நாற்பதைத் தாண்டியவர்கள், அதாவது இந்த ஹாலில் முக்கால்வாசிப் பேர், மருந்தில் குணமானாலும் அதோடு விட்டுவிடக் கூடாது. அபூர்வமாக உள்ளே ஒரு வளர்ச்சி ஒளிந்திருக்கலாம் என்பதால் பிறகு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார்கள். குழந்தைகளைப் பொறுத்தவரை, ஐந்து தேசங்களில் 936 குழந்தைகளைப் பார்த்த ஆராய்ச்சி 2025-ல் வந்தது. மருந்து வழியில் ஒரு வருஷத்துக்குள் நூற்றுக்கு 34 பேருக்குப் பலிக்கவில்லை, ஆபரேஷன் வழியில் பலிக்காதது 7 பேருக்கு. என் பேரனுக்கு வந்தால் என்ன செய்வேன் என்று கேட்காதீர்கள். அவன் அம்மா தீர்மானிப்பாள், நான் கார் ஓட்டுவேன்.

தை மாசக் கல்யாணம் கும்பகோணத்தில் ஜாம்ஜாம் என்று நடந்தது. தம்பதிகள் பெங்களூருக்குக் குடிபோனார்கள். 2024 ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, மருமானுக்கு மறுபடி அதே வலி. முன்னமே அனுபவம் இருந்ததால் சுண்டல்மேல் பழி போட்டு நேரத்தை வீணாக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தான். இந்தத் தடவை, "எடுத்துடுங்கோ" என்று அவனே சொன்னான். மூன்று துளை, மறுநாள் மாலை வீடு. எனக்குத் தகவல் வந்தது ஆபரேஷன் முடிந்த பிறகு.

தங்கை என்னிடம் போனில் கேட்டாள், "அப்பவே பண்ணியிருந்தா இந்த இன்னொரு அவஸ்தை இல்லையே அண்ணா?" நானும் உள்ளூர அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மறைப்பானேன். அவனையே கேட்டேன். "ஒன்பது மாசம் கழிச்சு வந்தது மாமா. நாப்பது பேர்ல நான் ஒருத்தன், தெரிஞ்சுதான் போட்டேன் கையெழுத்து" என்றான். திரும்ப அதே நிலைமை வந்தால் அதையேதான் செய்வானாம். எனக்கு அந்த வயசில் அந்த நெஞ்சழுத்தம் இருந்ததில்லை. இன்றைக்கும் என்னைக் கேட்டால், என் வயிறாக இருந்தால், முதல் நாளே எடுத்துவிடச் சொல்வேன். அதற்குக் காரணம் பின்லாந்துக் கணக்கு அல்ல, 1966 ஐப்பசி என்று எனக்கே தெரியும்.

டாக்டர் மாமா நேரமாயிற்று என்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். பின்வரிசையில் ஒரு மாமி வெகுநேரமாகக் கையைத் தூக்கிக்கொண்டிருக்கிறார். சுண்டல் சாப்பிட்டால் வருமா என்றுதானே? டாக்டர் மாமாவே தலையை ஆட்டுகிறார், சம்பந்தமே கிடையாதாம். வெளியே செயலாளர் தட்டுகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். இன்றைக்குப் பட்டாணி என்று கேள்வி.